ஓமந்தூரார்: ஜமீன் முறைக்கு முடிவு கட்டிய விவசாயி

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1895 பிப்ரவரி 1 அன்று, தென்னார்க்காடு மாவட்டம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காங்கிரஸில் சேர்ந்து விடுதலைப் போரில் சிறை சென்றார். வள்ளலார், ரமணர் ஆகியோரிடம் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்தார்.

1947-ல் சென்னை மாகாணத்தை ஆண்ட டி. பிரகாசத்தின் அமைச்சரவை சொந்தக் கட்சியினரின் ஆதரவை இழந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் காமராஜரின் ஆதரவோடு, மார்ச் 23 அன்று ஓமந்தூரார் மாகாணப் பிரதமரானார். அன்று முதல்வர் பதவிக்கு அதுவே பெயர். ஆகஸ்ட் 15-ல் நாடு விடுதலை பெற்றபோது மாகாணம் அவர் பொறுப்பில் இருந்தது.

அவருடைய ஆட்சியின் பெரும் சாதனை நிலச் சட்டங்களே. 1802-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஜமீன்தார் அரசுக்கு மாறாத தொகையைப் பேஷ்குஷ் எனக் கட்டினார். குடிகளிடம் அதைவிட மிக அதிகமாக வசூலித்தார். உழவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டிய பக்கத்து ரயத்துவாரி கிராமத்தில் அதே தரமுள்ள நிலத்துக்குத் தீர்வை குறைவு. பிரகாசம் தலைமையிலான குழு இக்கொடுமையை 1938-லேயே விரிவாக எடுத்துரைத்தது. மறு ஆண்டு அப்போதைய காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியதால் சட்டம் எதுவும் வரவில்லை.

ஓமந்தூரார் அரசு இரண்டு கட்டமாகச் செயல்பட்டது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் குடிகளின் குத்தகையை அண்டை ரயத்துவாரித் தீர்வையின் அளவுக்கு இறக்கியது. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களையே அரசின் கைக்கு மாற்றியது. ஜமீன்தாருக்கு இழப்பீடு, நிலத்தை அளந்து உழுதவருக்கு ரயத்துவாரி பட்டா, ஏரியும் காடும் புறம்போக்கும் அரசுக்கு. தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் ஜமீன் அலுவலகமான கச்சேரியை நம்பியிருந்த நிலை இதனால் மாறியது. ஆனால் ரயத்துவாரிப் பகுதியில் விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிரிட்ட வாரக் குடிகளுக்கும் பண்ணையாட்களுக்கும் இச்சட்டத்தில் இடமில்லை. தஞ்சைப் பண்ணையாட்கள் தங்களுக்கான பாதுகாப்புச் சட்டத்துக்கு 1952 வரை காத்திருக்க நேர்ந்தது.

தாழ்த்தப்பட்டோருக்குக் கோயில் கதவுகளைத் திறந்த சட்டமும், பெண்களைத் தேவதாசிகளாகப் பொட்டுக் கட்டுவதைத் தடுத்த சட்டமும் 1947-ல் நிறைவேறின. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949-ல் அரசு பெற்றது. பள்ளிகளில் இந்தியைப் புகுத்திய முயற்சி மட்டும் 1948-ல் கடும் போராட்டத்தைக் கிளப்பியது.

சட்டமன்ற உறுப்பினர்களின் சிபாரிசுகளுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. நிர்வாகத்துக்கு நன்மை செய்த அந்தக் கண்டிப்பே கட்சிக்குள் எதிர்ப்பை வளர்த்தது. 1949 ஏப்ரலில் பதவியிலிருந்து விலகினார்; பி. எஸ். குமாரசாமி ராஜா அடுத்து வந்தார்.

அதன்பின் ஓமந்தூரார் பதவியைத் தேடவில்லை. வடலூரில் தங்கி, வள்ளலார் வழியில் கல்விப் பணியிலும் ஆதரவற்றோர் பணியிலும் ஈடுபட்டார். 1970 ஆகஸ்ட் 25-ல் காலமானார். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.