ஐந்து பீப்பாய்த் தண்ணீர்

லூயிஸுக்கு அந்தப் பிராணி உயிரோடு வேண்டும்.

கொல்வது பெரிய காரியமில்லை. அன்றைக்கே ஒன்று பலியாகி, தலைவர்கள் இருவரின் சாப்பாட்டுக்குச் சமைக்கப்பட்டது. ஆனால் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் ஆசை லூயிஸுக்குத் தெரியும். அவரிடம் அந்தரங்கச் செயலாளராக இருந்தவர் அல்லவா? கிழக்கே ஒருவரும் பார்த்திராத விலங்குகளைக் கவனித்து எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார் அதிபர். அப்படியொன்றைக் கண்முன்னே ஓட விட்டுக் காட்டினால் அந்த மனிதர் எவ்வளவு மகிழ்ந்துபோவார்!

1804 செப்டம்பர் 7. மிசௌரி ஆற்றங்கரை, இன்றைய நெப்ராஸ்கா. படைத் தலைவர்கள் லூயிஸும் கிளார்க்கும் மொட்டைக் குன்று ஒன்றில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். சரிவில் சுமார் நான்கு ஏக்கருக்கு எங்கு பார்த்தாலும் வளைகள். வளைக்கு வளை மண்மேடு. மேட்டின்மேல் அணிலுக்கு உறவான ஒரு பிராணி, நிமிர்ந்து உட்கார்ந்து விசிலடிக்கிறது.

புல்வெளி நாய்!

நெருங்கினார்கள். ஒரு கூச்சல். அடுத்த நொடி மேட்டில் ஒன்றுகூட இல்லை.

சரி, தண்ணீர் ஊற்றி வெளியேற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. காவலுக்கு நின்றவர்களைத் தவிர அத்தனை பேரும் புறப்பட்டார்கள். கெட்டில், பானை, தண்ணீர் பிடிக்கக் கூடிய எதுவானாலும் சரி, எல்லாம் மேலே வந்தது. கண்டத்தைக் கடக்கக் கிளம்பிய படை, ஒரு பொந்துக்குத் தண்ணீர் சுமந்தது.

ஒரு பீப்பாய் ஊற்றினார்கள். சத்தமில்லை.

இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவது பீப்பாயும் உள்ளே போனது. வளை நிரம்பவில்லை!

இன்னொரு பக்கம் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். ஆறடி தோண்டியாயிற்று. ஒரு கழியை உள்ளே விட்டுப் பார்த்தால், இன்னும் பாதி ஆழம்கூட வரவில்லை. தோண்டியவர்கள் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அந்தச் சிப்பாய்கள் எதனுடன் மோதுகிறோம் என்று அறியாமலே மோதினார்கள். மரமே இல்லாத சமவெளி அது. ஒளிய இடமில்லை. மழை கொட்டினால் வெள்ளம். காய்ந்தால் புல்வெளித் தீ. வானத்தில் கழுகு, தரையில் ஓநாயும் நரியும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பிராணி நிலத்துக்கடியில் ஊர் கட்டியிருக்கிறது.

வாசலில் இருக்கும் மேட்டைப் பாருங்கள். மழை பெய்து மண் ஈரமானதும் மூக்கால் குத்திக் குத்தி இறுக்கி எழுப்பிய கரை அது. ஓடிவரும் மழைநீர் உள்ளே புகாது. காவல் பார்க்க அதுவே கோபுரம். இன்னொரு தந்திரமும் உண்டு. ஒரு வாசலின் மேடு உயரம், மறு வாசலின் மேடு தாழ்வு. உயர்ந்த மேட்டின்மேல் வேகமாக வீசும் காற்று, புகைபோக்கி போல உள்ளிருக்கும் காற்றை இழுத்துவிடும். தாழ்ந்த வாசல் வழியே புதுக்காற்று நுழையும். எத்தனை ஆழத்தில் படுத்தாலும் மூச்சு முட்டாது.

வளையைச் சுற்றி உயரமான புல்லை அவை விட்டுவைப்பதில்லை. தின்னாத செடியையும் கடித்துத் தள்ளிவிடும். எதிரி பதுங்கி வர மறைப்பு இருக்கக்கூடாது! ஒன்று பார்த்துக் குரல் கொடுத்தால் ஊர் முழுக்க உஷார். குடிக்கக் குளம் குட்டையும் தேவையில்லை. தின்னும் புல்லிலிருக்கும் ஈரமே போதும்.

ஆனாலும் இந்தக் கோட்டைக்குள் நுழைகிற எதிரிகள் உண்டு. அன்று பக்கத்தில் அடித்த விரியன் ஒன்றின் வயிற்றில் ஒரு புல்வெளி நாய் கிடந்தது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குளிர்காலம் வருவதற்குள் கடக்க வேண்டிய ஆறு இன்னும் நீண்டு கிடக்கிறது. விட்டுவிட்டுப் போகலாமா?

லூயிஸ் விடவில்லை. கிளார்க்கும் விடச் சொல்லவில்லை.

மறுபடியும் தண்ணீர். மறுபடியும் பானை.

கடைசியில் வந்தது! நனைந்து, ஒரே ஒன்று. பாய்ந்து பிடித்தார்கள்.

இருட்டும்வரை பாடுபட்டதற்குக் கிடைத்த பலன் ஒரே ஒரு பிராணி. அந்த ஊரின் மற்ற குடிகள் எல்லோரும் உள்ளே பத்திரம். அன்றைய போரில் ஜெயித்தது யார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மறுவருடம் வசந்தத்தில், படை குளிர்காலத்தைக் கழித்த மாண்டன் கோட்டையிலிருந்து அதிபருக்காக உயிருள்ள புல்வெளி நாய் ஒன்று கூண்டில் ஏறியது. கூடவே நான்கு மேக்பை பறவைகளும் ஒரு புல்வெளிக் கோழியும். ஆறும் கடலுமாகப் பல மாதப் பயணம். கோழி போயிற்று. மூன்று மேக்பைகள் போயின. புல்வெளி நாய் உயிரோடு போய்ச் சேர்ந்தது! பிறகு ஃபிலடெல்பியாவில் பீல் என்பவர் நடத்திய அருங்காட்சியகத்தில் ஊர் ஜனம் வேடிக்கை பார்த்தது.

அந்தக் கதை முடிந்தது. ஆனால் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

இவர்கள் தண்ணீர் சுமந்த அதே நாளில், குழுவின் இளையவன் ஷானன் எங்கே? சென்ற மாதம் குதிரை தேடிப் போனவன் திரும்பவேயில்லை. படையின் படகுகள் தனக்கு முன்னால் போய்விட்டதாக நினைத்து ஓடிக்கொண்டிருக்கிறான். உண்மையில் அவை அவனுக்குப் பின்னால்! புல்லைத் தின்றே பிழைக்கும் பிராணி கொழிக்கிற பூமியில், அவனுக்குக் காட்டுத் திராட்சை மட்டும்தான் சாப்பாடு. கையில் துப்பாக்கி இருக்கிறது, குண்டு தீர்ந்துவிட்டது. எதிரே ஒரு முயல்.

ஷானன் ஒரு குச்சியை எடுத்துத் துப்பாக்கிக் குழலில் திணித்தான்.

அடுத்த வாரம் வாருங்கள், சொல்கிறேன்.

(தொடரும்)