மூன்று வாக்குகளின் விலை

அமெரிக்காவில் 2025 ஒக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள், மத்திய அரசின் அலுவலகங்கள் பல மூடிக் கிடந்தன. செலவினச் சட்டமூலத்தில் இரு பெரும் கட்சிகளும் உடன்படவில்லை. காங்கிரஸ் அனுமதிக்காத பணத்தை அங்கு அரசு செலவிட முடியாது. இலட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமின்றிக் காத்திருந்தனர். இச்செய்தியைப் படித்த இலங்கைத் தமிழர் எவருக்கும் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: நம் நாட்டிலும் இப்படி நடக்குமா?

இலங்கையில் ஏற்பாடு வேறு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கு அளித்துள்ளது. ஒதுக்கீட்டுச் சட்டமூலம் தோற்றால் அமைச்சரவை கலைந்துவிடும். இரண்டாவது முறையும் தோற்றால் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தாக வேண்டும். சட்டமூலம் நிறைவேறுமுன் பாராளுமன்றம் கலைக்கப்பட்டால், புதிய பாராளுமன்றம் கூடி மூன்று மாதம் வரை பொதுச் சேவைகளுக்கான பணத்தை ஜனாதிபதியே திரட்டு நிதியிலிருந்து விடுவிக்கலாம். ஆகவே அமெரிக்காவில் அலுவலகம் மூடப்படும். இலங்கையில் ஆட்சி கவிழும். வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பு நாளில் கொழும்புச் செய்தியாளர்கள் ரூபாய்க் கணக்கைவிடத் தலைக் கணக்கையே கவனமாக எண்ணுவதன் காரணம் இதுதான்.

பொதுப் பணத்தின் மீது மக்கள் பிரதிநிதிக்கு உரிமை வேண்டும் என்ற போராட்டம் இத்தீவில் பழையது. 1864இல் படைச் செலவு தொடர்பான லண்டனின் முடிவை எதிர்த்து, சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் அறுவர் பதவி துறந்தனர். ஜோர்ஜ் வோல், லோறன்ஸ் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள். நூறாண்டு கழித்து, 1964 டிசம்பர் 3ஆந் திகதி, சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பில் 74க்கு 73 என்ற கணக்கில் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு தோற்றது. ஒரேயொரு வாக்கு ஓர் அரசைக் கவிழ்க்கும் என்பதைக் கொழும்பு அன்று கண்டது.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நகரமும் நெருங்கிய குடியிருப்புகளும் எழுவான்கரையில். வயலும் மேய்ச்சலும் படுவான்கரையில். 2007இன் முற்பகுதியில் போர் படுவான்கரையைச் சூழ்ந்தபோது பல்லாயிரம் குடும்பங்கள் வாவியைக் கடந்து முகாம்களில் தஞ்சமடைந்தன. அவ்வாண்டு ஜூலையில், சிங்களத்தில் தொப்பிகல எனப்படும் குடும்பிமலையை இராணுவம் கைப்பற்றியது. கிழக்கு முழுவதும் அரசின் வசமாயிற்று.

அந்த ஆண்டின் இறுதியில் 2008ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சபைக்கு வந்தது. பாதுகாப்புக்கு மட்டும் ஏறத்தாழ 16,600 கோடி ரூபாய். நவம்பர் 19ஆந் திகதி இரண்டாம் வாசிப்பில் ஆதரவாக 118, எதிராக 102. எட்டுப் பேர் அணி மாறினால் சமநிலை. ஒன்பதாமவர் மாறினால் அரசு தோற்கும். மக்கள் விடுதலை முன்னணி எதிர்த்து வாக்களித்திருந்தது. டிசம்பர் 12ஆந் திகதி ரவூப் ஹக்கீம் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸும் அரசிலிருந்து விலகியது. இறுதி வாக்கெடுப்பு டிசம்பர் 14ஆந் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது.

2004ஆம் ஆண்டுத் தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் 5 ஆசனங்களில் 4ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றிருந்தது. இறுதி வாக்கெடுப்புக்கு முன்னர், அம்மாவட்டத்துக் கூட்டமைப்பு உறுப்பினர்கள் மூவரின் உறவினர்கள் கடத்தப்பட்டனர். வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்து வாக்களித்தால் அவர்கள் கொல்லப்படுவர் என்பது விடுக்கப்பட்ட செய்தி. அரசுடன் சேர்ந்தியங்கிய தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் அமைப்பின் மீதே கூட்டமைப்பும் மனித உரிமை அமைப்புகளும் குற்றஞ்சாட்டின.

இதை வெற்று மிரட்டல் என்று தள்ளிவிடக்கூடிய நிலையில் அம்மூவரும் இருக்கவில்லை. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு மரியாள் தேவாலயத்தினுள் வைத்து, அவர்களுடைய சகாவான ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. (அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தோர் 2021இல் விடுவிக்கப்பட்டனர்.) மற்றொரு கூட்டமைப்பு உறுப்பினரான நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பு வீதியில் கொல்லப்பட்டிருந்தார்.

மூவரும் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆதரவாக 114, எதிராக 67. திட்டம் 47 மேலதிக வாக்குகளால் நிறைவேறியது. பின்னர் உறவினர்கள் விடுவிக்கப்பட்டனர். இறுதி நேரத்தில் மக்கள் விடுதலை முன்னணி வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. கணக்கை மட்டும் பார்த்தால் மட்டக்களப்பின் மூன்று வாக்குகள் முடிவை மாற்றியிருக்கமாட்டா. ஆயினும் இதைச் சிறு விடயமாகக் கொள்ளலாகாது. தமது வயல்களின் மீது நடந்த போருக்கான பணத்தை வழங்குவதா, மறுப்பதா என்று இறுதியாகச் சொல்லும் வாய்ப்பு முகாமிலிருந்த மக்களுக்கு அவர்களின் பிரதிநிதிகள் வழியாக அன்று கிடைத்தது. அது பறிக்கப்பட்டது. ஹன்சார்ட்டில் ஆம் என்றோரும் இல்லை என்றோரும் பதிவாகின்றனர். வாக்களிக்காதவர் ஏன் வாக்களிக்கவில்லை என்பதை எழுத அங்கே இடமில்லை.

பதினொரு ஆண்டுகளின் பின் மட்டக்களப்பின் வாக்கு மற்றொரு வகையில் பேசப்பட்டது. 2018 ஒக்டோபர் 26ஆந் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். இரு தரப்பும் உறுப்பினர்களைத் தேடி அலைந்த அந்நாட்களில், கூட்டமைப்பின் மட்டக்களப்பு உறுப்பினர் ச. வியாழேந்திரன் நவம்பர் 2ஆந் திகதி அணி மாறிக் கிழக்கு அபிவிருத்திக்கான பிரதி அமைச்சரானார். இம்முறை துப்பாக்கி இல்லை, பதவி இருந்தது.

ஆனால் அந்த ஆட்சியைத் திணறடித்ததும் பாராளுமன்றத்தின் நிதி அதிகாரமே. நவம்பர் 29ஆந் திகதி பிரதமர் அலுவலகத்தின் செலவுகளை நிறுத்தும் பிரேரணை 123 வாக்குகளால், எதிர்வாக்கின்றி, நிறைவேறியது. ராஜபக்ச தரப்பு சபைக்கு வரவில்லை. டிசம்பர் 3ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அமைச்சரவை இயங்க இடைக்காலத் தடை விதித்தது. டிசம்பர் 13ஆந் திகதி, பாராளுமன்றத்தைக் கலைத்தது சட்டவிரோதம் என உயர் நீதிமன்றம் தீர்த்தது. இதற்கிடையில் 2019க்கு வரவு செலவுத் திட்டமே இருக்கவில்லை. ஜனவரி பிறந்தால் சம்பளமும் ஓய்வூதியமும் கடன் தவணையும் எங்கிருந்து வரும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. டிசம்பர் 21ஆந் திகதி, ஆண்டின் முதல் நான்கு மாதங்களுக்கான இடைக்காலக் கணக்கறிக்கையைச் சபை நிறைவேற்றியது. அதற்கு மறுநாள், எல்லைச் சுவர் தகராற்றில் அமெரிக்க அரசின் ஒரு பகுதி 35 நாட்களுக்கு மூடப்பட்டது. கொழும்பு கடைசி நேரத்தில் தப்பிய இடத்தில் வாஷிங்டன் விழுந்தது.

அமெரிக்க முடக்கத்தை ஜனநாயகத்தின் தோல்வி என்று பலர் எழுதினர். ஊழியர்களின் துன்பம் உண்மையானது; அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அங்கே 'இல்லை' என்று வாக்களித்த உறுப்பினர், தம் வீட்டில் எவரேனும் கடத்தப்பட்டிருப்பரோ என்று அஞ்சியபடி வாக்களிக்கவில்லை. மறுக்க முடிந்ததனால்தான் அங்கு முடக்கம் ஏற்பட்டது. 2007 டிசம்பரில் நமது திறைசேரி ஒரு நாளும் முடங்கவில்லை. முடங்கியவை வாவிக்கரையின் மூன்று வாக்குகள்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்தது. அதன் பின்னர் பல ஆண்டுகளாகத் தேர்தல் நடைபெறவில்லை. மாகாணத்தின் பணம் ஆளுநரின் கையொப்பத்தில் செலவானது. படுவான்கரையின் குளத்துக்கும் வீதிக்கும் எவ்வளவு என்று கேட்டு வாதிடவும், வேண்டுமானால் எதிர்த்து வாக்களிக்கவும், அவ்வூர் மக்கள் தெரிவுசெய்த எவரும் மாகாண சபையில் இருக்கவில்லை. இம்முறை எவரையும் கடத்த வேண்டிய தேவை ஏற்படவில்லை; எவருக்கும் பதவி தர வேண்டிய தேவையும் ஏற்படவில்லை.