ஜேன் அயர்: தன்மானமும் தன்பொருளும்

ஆங்கிலப் புதின வரலாற்றில் 1847ஆம் ஆண்டு தனிச்சிறப்புடையது. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் இலண்டனில் 'ஜேன் அயர்' மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆசிரியர் பெயர் கரர் பெல் என்றிருந்தது. அப்பெயருக்குரியவர் ஆணா, பெண்ணா என வாசகர் வினவினர். அப்பெயருள் மறைந்திருந்தவர் யார்க்ஷயரில் உள்ள ஹாவொர்த் என்னும் ஊரின் பாதிரியார் மகள் சார்லட் பிராண்டி. பெற்றோரை இழந்த, அழகும் செல்வமும் வாய்க்காத பெண் ஒருத்தியைத் தலைவியாக்கி, அவள் கதையை அவளையே சொல்லவைத்தார் அவர்.

ஜேனைத் தன்மானத்தின் வடிவமாகப் போற்றுவது மரபு. அது பொருத்தமே. எனினும் அத்தன்மானம் எத்தகைய உலகில் நின்று போராடியது என்று நோக்கும்போதே புதினத்தின் ஆழம் புலப்படும்.

லோவுட் பள்ளியின் பசியும் குளிரும் வெறுங்கற்பனை அல்ல. 1824இல் சார்லட் சேர்க்கப்பட்ட கோவன் பிரிட்ஜ் பள்ளியின் நினைவே அதற்கு அடிப்படை. அங்குப் பயின்ற தமக்கையர் மரியா, எலிசபெத் இருவரும் நோயுற்று, வீடு திரும்பி 1825இல் மறைந்தனர். பின்னர், 1839இலும் 1841இலும் சார்லட்டே பிறர் இல்லங்களில் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாகப் பணிபுரிந்தார். கல்வியுண்டு, பொருளில்லை என்னும் நிலையிலிருந்த மகளிர்க்கு அக்காலத்தில் மதிப்புடன் வாழத் திறந்திருந்த வழிகள் மிகச் சிலவே. வீட்டாசிரியை வேலையாளும் அல்லள், குடும்பத்தாளும் அல்லள்.

ஆகவேதான் இப்புதினத்தில் பணம் துல்லியமாகக் கணக்கிடப்படுகிறது. லோவுட்டில் ஆண்டுக்கு 15 பவுன். தார்ன்ஃபீல்டில் 30 பவுன். ராச்செஸ்டருக்கு மனைவி இருப்பதை அறிந்து வெளியேறும் நாளில் ஜேனிடம் இருந்தது 20 ஷில்லிங் மட்டுமே. அன்பு இருந்தும், போக்கிடம் இல்லாதிருந்தும் அவள் பிரிந்தாள், பட்டினி கிடந்தாள். தன்மானம் பொருளிலிருந்து பிறப்பதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பின்னர்ச் சிற்றப்பனின் சொத்தாக 20,000 பவுன் கிட்டுகிறது. அதனை உறவினர் மூவருடன் நான்காகப் பகிர்ந்து 5,000 பவுனை மட்டும் தனக்கென வைத்துக்கொள்கிறாள். பார்வையிழந்த ராச்செஸ்டரிடம் அவள் திரும்புவது இதன் பின்னரே. புகலிடம் நாடியன்று, விருப்பத்தால். இதற்கிடையே, மனைவியாகி இந்தியாவிற்குச் சமயப்பணி செய்ய வருமாறு செயின்ட் ஜான் அழைக்கிறார். உடன்பணியாளராக வர இசைந்து, அன்பற்ற மணத்தை மறுக்கிறாள் ஜேன். கடமையின் பெயராலும் அவள் தன்னை இழக்க உடன்படவில்லை.

ஈண்டு ஒரு முரண் நோக்கத்தக்கது. தனி ஏற்பாடு செய்துகொள்ளாத நிலையில், மணமான பெண்ணின் கைப்பொருள் கணவனைச் சேரும் என்பதே அன்றைய ஆங்கிலச் சட்டம். மனைவியின் ஊதியம் அவளுக்கே உரியதென்றது 1870ஆம் ஆண்டுச் சட்டம்; சொத்துரிமையை முழுமையாக்கியது 1882ஆம் ஆண்டுச் சட்டம். 1855இல் மறைந்த சார்லட் இரண்டையும் காணவில்லை. சட்டம் வழங்காத ஒப்புரிமையை அவர் புதினத்தில் எழுதினார்.

ஆயினும் இவ்வொளிக்கு ஒரு நிழலுண்டு. ராச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா ஜமைக்காவைச் சேர்ந்தவள். அவள் கொணர்ந்த சீர் 30,000 பவுன். ஜேனின் சிற்றப்பனும் அவள் குடும்பத்தாருடன் வாணிகத் தொடர்புடையவரே. அடிமையுழைப்பில் செழித்த தீவின் செல்வம் அவ்வில்லத்தில் புகுந்தது. அதனைக் கொணர்ந்தவளோ மேல்மாடியில் அடைபட்டாள். டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ், 1966இல் வெளிவந்த 'வைட் சர்காசோ சீ' புதினத்தில் அவளுக்குக் குரல் கொடுத்தார்.

இந்நிழலைக் காண்பதால் ஜேனின் பெருமை குன்றாது. தானும் உயிருள்ள மனிதப் பிறவியே என்று வாதிட்ட ஓர் அநாதைப் பெண்ணின் நியாயத்தை ஏற்கும் நெஞ்சம், பூட்டிய அறைக்குள் இருந்தவளுக்கும் அதே நியாயத்தை வழங்கக் கடமைப்பட்டுள்ளது. ஜேன் கற்பிக்கும் பாடத்தை முழுமையாகக் கற்பது அதுவேயாகும்.