நிரலிலிருந்து புறக் கட்டளைகளை இயக்குதல்: வரலாறும் பாதுகாப்பும்

ஒரு கணினி நிரல் தன் வேலையின் ஒரு பகுதியை, அதே கணினியில் உள்ள வேறொரு நிரலிடம் ஒப்படைப்பது புறக் கட்டளையை இயக்குதல் எனப்படும். படத்தைச் சுருக்குதல், மின்னஞ்சல் அனுப்புதல், வேறு மொழியில் எழுதிய நிரலைத் தொகுத்தல் எனப் பல வேலைகள் இவ்வாறே நடக்கின்றன.

தமிழ்நாட்டில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் பலர் இதைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே சந்திக்கின்றனர். 2019-இல் வந்த பாடநூலில், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்குவது பற்றி ஒரு பாடம் உண்டு. பயனர் தரும் கோப்புப் பெயரைச் சி++ தொகுப்பியின் பெயரோடு கூட்டல் குறியால் ஒட்டி, ஒரே சரமாக்கி, 'ஓஎஸ்.சிஸ்டம்' என்னும் செயற்கூறிடம் கொடுக்கிறது அந்தப் பாடத்தின் எடுத்துக்காட்டு. மாணவர் தம் கணினியில் தம் கோப்பையே தொகுக்கும்போது இதனால் தீங்கில்லை. அதே வரியை நாளை கல்லூரிச் செயல்திட்டம் ஒன்றில், யார் வேண்டுமானாலும் பெயர் நிரப்பக்கூடிய இணையப் படிவத்தின் பின்னால் வைத்தால் நிலைமை மாறுகிறது. எப்படி மாறுகிறது என்பதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வரலாறு சான்று.

இரண்டு வழிகள்

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதில் ஒரு நிரல் மற்றொன்றை இயக்க 'ஃபோர்க்', 'எக்செக்' என்னும் இரண்டு அடிப்படை அழைப்புகள் இருந்தன. முதலாவது, இயங்கும் நிரலைப் படியெடுக்கும். இரண்டாவது, அந்தப் படியின் இடத்தில் புதிய நிரலை ஏற்றும். எக்செக் அழைப்புக்கு நிரலின் பெயரையும், அதற்குரிய செயலுருபுகளையும் தனித்தனியாகப் பட்டியலிட்டுத் தர வேண்டும்.

மனிதர் தட்டச்சு செய்யும் கட்டளை வரியைப் படித்து, அதைச் சொற்களாகப் பிரித்து எக்செக்கிடம் தருவது 'ஷெல்' என்னும் நிரலின் வேலை. ஷெல்லுக்கு இடைவெளி சொற்பிரிப்பு. அரைப்புள்ளி ஒரு கட்டளையின் முடிவு. அடுத்து வருவது புதிய கட்டளை. செங்குத்துக்கோடு ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் குழாய்போல் அனுப்பும்.

1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல் இடம்பெற்றது. 'சிஸ்டம்', 'பிஓப்பன்' என்னும் செயற்கூறுகளும் அதில் இருந்தன. நிரலாளர் பட்டியல் தயாரிக்க வேண்டியதில்லை. மனிதர் தட்டச்சு செய்வதுபோல் ஒரு சரத்தைத் தந்தால் போதும், இவை ஷெல்லை அழைத்து அதை இயக்கிவிடும். பைத்தானின் ஓஎஸ்.சிஸ்டம் இதன் வழித்தோன்றல்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நிரலாளர் எழுதிய கட்டளையும் பயனர் தந்த தரவும் ஒரே சரத்தில் கலந்துவிட்டால், எது யாருடையது என்று ஷெல்லுக்குத் தெரியாது. 'ஊரப்பாக்கம் ஏரி' என்று கோப்புக்குப் பெயர் வைத்தால், நடுவே உள்ள இடைவெளியால் ஷெல் அதை இரண்டு கோப்புகளாகக் கொள்ளும். இது வெறும் பிழை. பெயருக்குள் அரைப்புள்ளியும், அதன் பின் கோப்புகளை அழிக்கும் கட்டளையும் இருந்தால் அது தாக்குதல். இதற்குக் கட்டளை உட்செலுத்தல் என்று பெயர். விண்டோசின் கட்டளை நிரலில் அரைப்புள்ளியின் இடத்தில் '&' குறி இதே வேலையைச் செய்கிறது.

முதல் எச்சரிக்கைகள்

1988 நவம்பர் 2 அன்று, ராபர்ட் மாரிஸ் என்னும் மாணவர் எழுதிய புழு நிரல் இணையத்தில் பரவியது. ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டனர். அது பரவிய வழிகளுள் ஒன்று 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சல் நிரல். சோதனைக்காக வைத்த ஒரு வசதி பல கணினிகளில் அணைக்கப்படாமல் இருந்தது. அந்நிலையில், பெறுநரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதினால், மடலின் உள்ளடக்கம் ஷெல்லிடம் போய்ச் சேரும். முகவரி என்னும் தரவு, கட்டளையாகிவிட்டது.

இணையதளங்கள் பெருகியபோது இதே குறை வேறு வடிவில் வந்தது. அக்காலச் சேவையக மென்பொருள்களோடு 'பிஎச்எஃப்' என்னும் மாதிரி நிரல் ஒன்று கிடைத்தது. இணையப் படிவத்தில் பெயர் தந்தால் முகவரிப் பட்டியலில் தேடித் தரும். அதை எழுதியவர்கள் ஆபத்தை உணர்ந்தே இருந்தனர். ஷெல்லுக்குச் சிறப்புப் பொருள் தரும் குறிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் செயலிழக்கச் செய்யும் வடிகட்டியும் இருந்தது. ஆனால் அப்பட்டியலில் புதுவரிக் குறி விடுபட்டிருந்தது. ஷெல்லுக்குப் புதுவரியும் புதிய கட்டளையின் தொடக்கமே. 1996-இல் இதுபற்றிப் பொது எச்சரிக்கை வெளியானது. ஒரே ஒரு குறியை மறந்தாலும் வடிகட்டி பயனற்றுப் போகும் என்பதற்கு இந்நிகழ்வு எடுத்துக்காட்டாயிற்று.

தமிழ் எழுத்தும் அரைப்புள்ளியும்

வடிகட்டும் முறை தமிழுக்கு இன்னொரு சிக்கலையும் தந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் தட்டச்சானது. இவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டிருந்தன. கணினியின் நினைவகத்தில் இருந்தவையோ ஆங்கிலக் குறிகள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். ஆகவே பாமினியில் அடித்த 'தமிழ்' என்னும் சொல், கணினிக்கு நான்கு ஆங்கில எழுத்துகளும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அப்படி அடித்த நூல் தலைப்பை யூனிக்ஸ் கணினியில் கட்டளைச் சரத்தோடு ஒட்டினால், ஒவ்வொரு மெய்யெழுத்திலும் ஷெல் கட்டளையை முறித்துவிடும். இங்கே தாக்குபவர் எவரும் தேவையில்லை.

ஒருங்குறியின் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1992 செப்டம்பரில் இதை வடிவமைத்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும். யூனிக்சைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அதே தாம்சன். ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய 0 முதல் 127 வரையான பைட் மதிப்புகள் பிற மொழி எழுத்துகளுக்குள் வரவே கூடாது என்பது இதன் விதி. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். மூன்றும் 127-க்கு மேற்பட்டவை. எனவே எந்தத் தமிழ் எழுத்துக்குள்ளும் அரைப்புள்ளி ஒளிந்திருக்க வழியில்லை.

ஆனாலும் வடிகட்டிகள் தமிழைத் தொடர்ந்து தடுத்தன. ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டும் அனுமதிப்பது, நிரலாளர் பலர் கையாளும் பாதுகாப்பு முறை. அதன்படி 'ஊரப்பாக்கம்' என்ற பெயரே செல்லாத உள்ளீடு. பிஎச்பி மொழியில் செயலுருபுகளை மேற்கோளுக்குள் அடைத்துத் தரும் செயற்கூறு ஒன்று உண்டு. சேவையகத்தின் வட்டார அமைப்பு யுடிஎஃப்-8 அல்லாததாக இருந்தால், அது தமிழ் எழுத்துகளைச் சொல்லாமலே நீக்கிவிடக்கூடும். கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்திதான் பயனருக்கு மிஞ்சும்.

பட்டியலுக்குத் திரும்புதல்

தீர்வு பழைய எக்செக் அழைப்பிலேயே இருந்தது. தரவைச் சரத்தில் ஒட்டாமல் பட்டியலின் தனி உறுப்பாகத் தந்தால் ஷெல் நடுவில் வராது. இடைவெளி, அரைப்புள்ளி, தமிழ் எழுத்து எதுவானாலும் கோப்புப் பெயரின் பகுதியாக அப்படியே போய்ச் சேரும். எதையும் நீக்க வேண்டிய தேவையும் இல்லை.

2004 நவம்பரில் வெளியான பைத்தான் 2.4-இல் 'சப்பிராசஸ்' என்னும் கூறு சேர்க்கப்பட்டது. பீட்டர் ஆஸ்ட்ராண்ட் முன்மொழிந்த இதில், நிரலாளர் வெளிப்படையாகக் கேட்டாலன்றி ஷெல் அழைக்கப்படுவதில்லை. பாடநூலின் வரியை இம்முறையில் மாற்றுவது எளிது. தொகுப்பியின் பெயர், மூலக் கோப்பு, வெளியீட்டுக்கான குறி, வெளியீட்டுக் கோப்பு ஆகிய நான்கையும் ஒரு பட்டியலின் நான்கு உறுப்புகளாக எழுதினால் போதும். கூட்டல் குறிகளுக்குப் பதில் காற்புள்ளிகள் வரும். வரியின் நீளம்கூட அதிகம் மாறாது.

ஷெல்லைத் தவிர்ப்பதன் பயன் 2014-இல் மீண்டும் தெளிவானது. அவ்வாண்டு செப்டம்பர் 24 அன்று, பரவலாகப் பயன்படும் 'பேஷ்' ஷெல்லில் இருந்த 'ஷெல்ஷாக்' என்னும் ஓட்டை வெளியிடப்பட்டது. கண்டறிந்தவர் ஸ்டெஃபான் ஷாசலா. சூழல் மாறிகளில் வரும் மதிப்பின் ஒரு பகுதியைப் பேஷ் கட்டளையாக இயக்கிவிடும். இணைய உலாவி அனுப்பும் விவரங்களைச் சில சேவையகங்கள் அந்த மாறிகளில்தான் வைத்தன. 1989 முதல் 25 ஆண்டுகளாக இக்குறை கவனிக்கப்படாமல் கிடந்தது. கட்டளைச் சரத்தைச் சரியாக வடிகட்டிய நிரல்களும், உள்ளே எங்கோ பேஷை அழைத்ததால் இதில் சிக்கின.

பட்டியலின் எல்லைகள்

பட்டியல் முறையும் முழுக் காப்பு அன்று. கழித்தல் குறியில் தொடங்கும் சொல்லை நிரல்கள் பெயராகக் கொள்ளாமல் விருப்பத்தேர்வாகக் கொள்வது வழக்கம். 2017 ஆகஸ்டில் திருத்தப்பட்ட 'கிட்' மென்பொருளின் ஓட்டை இத்தகையது. கணினியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறியோடு தொடங்கும் விருப்பத்தேர்வைத் தந்து கட்டளையை இயக்க முடிந்தது. விண்டோசில் புதிய நிரலுக்குச் செயலுருபுகள் ஒரே சரமாகவே தரப்படுகின்றன. அதனால் தொகுதிக் கோப்புகளை இயக்கும்போது பட்டியல் மீண்டும் சரமாகிறது. இதன் தொடர்பான ஓட்டையை 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழி திருத்த வேண்டியிருந்தது.

பாடநூல் எடுத்துக்காட்டின் அடுத்த வரியும் கவனத்துக்குரியது. முதல் வரி தொகுக்கிறது. அடுத்த வரி, தொகுத்துக் கிடைத்த நிரலையே இயக்குகிறது. இணையவழித் தொகுப்பி ஒன்றை உருவாக்கும் மாணவர் முதல் வரியைப் பட்டியலாக மாற்றிவிட்டாலும், அடுத்த வரியில் முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நிரல் தம் கணினியில் ஓடும். அதற்குக் குறைந்த உரிமை கொண்ட தனிப் பயனர் கணக்கு, நேர வரம்பு, பிற கோப்புகளை அணுக முடியாத தனி அடைப்பு ஆகியவை வேண்டும். கோப்பின் பெயர் கட்டளையாக மாறாமல் பட்டியல் காக்கும்; அந்தக் கோப்புக்குள் இருப்பதிலிருந்து காக்க அதனால் ஆகாது.