பற்களின் எண்ணிக்கையும் பயன்படுத்துவோரும்: சங்கிலிச் செலுத்தத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவி எஞ்சினுக்கு ஒருவர், தொலைபேசிக்கு ஒருவர், மின்விளக்குக்கு ஒருவர் எனப் பெயர்களை நிரற்படுத்துவதோடு அவ்வரலாறு நிறைவெய்திவிடுகின்றது. இத்தகைய நோக்கின் போதாமையைக் கார்ல் மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியிலேயே சுட்டியிருந்தார். கண்டுபிடிப்புகளிலே தனிமனிதருக்குரிய பங்கு சிறியது என்பதே அவரது கருத்தாகும். ஆயினும் ஒரு பொறி தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பின்னர் அதனைப் பயன்படுத்துவோர் அதற்கு என்ன செய்கின்றனர் என்ற வினா இன்றும் போதிய கவனத்தைப் பெறவில்லை.

இவ்வினாவை ஆராய்வதற்கு மிகச் சிறிய பொருளொன்றை நாம் எடுத்துக்கொள்கின்றோம். மோட்டார் சைக்கிளின் சங்கிலி ஓடும் பற்சில்லே அப்பொருள். பட்டறைகளில் இதனை ‘ஸ்பிரொக்கெற்’ என்பர். இதனைக் கழற்றிப் பற்கள் கூடிய அல்லது குறைந்த வேறொன்றைப் பூட்டுவதன் மூலம் வண்டியின் ஆர்முடுகலை மாற்றும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் காணப்படுகின்றது. இளைஞரின் வேக மோகமாக மாத்திரம் இதனைக் கருதுவது பொருந்தாது. பொறியின் இயல்பை நிர்ணயிக்கும் உரிமை யாருக்குரியது என்ற நெடுங்கால இழுபறியின் ஒரு கூறாகவே நாம் இதனை நோக்குகின்றோம்.

1. விகிதத்தின் பொருள்

முதலில் இச்செயலின் கணக்கை நோக்குவோம். கியர்ப்பெட்டியின் வெளித்தண்டிலுள்ள முன் பற்சில்லில் 14 பற்களும், பின்சில்லோடு இணைந்த பற்சில்லில் 42 பற்களும் உள்ளன எனக் கொள்வோம். முன்னது மூன்று முறை சுற்றப் பின்னது ஒரு முறை சுற்றும். இப்பொழுது முன் பற்சில்லை 13 பற்களுடைய ஒன்றால் மாற்றினால் விகிதம் 3.00 இலிருந்து 3.23 ஆக உயரும். அதே கியரில், எஞ்சின் அதே திருப்புவிசையைத் தரும்போது, பின்சில்லு நிலத்தைத் தள்ளும் விசை ஏறத்தாழ 7.7 சதவீதம் கூடும். வண்டி விரைந்து ஆர்முடுகும். ஏற்றங்களிலே தளராது ஏறும்.

ஆனால் எஞ்சினின் வலு இம்மியளவும் கூடுவதில்லை. அதே எஞ்சிற் சுழற்சியில் முன்னர் மணிக்கு 84 கிலோமீற்றர் சென்ற வண்டி இப்பொழுது 78 கிலோமீற்றரே செல்லும். நெடுந்தூரப் பயணத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுழல வேண்டியிருப்பதால் இரைச்சலும் தேய்வும் மிகும். விசையிற் பெற்றதைக் கதியில் இழக்கின்றோம். பின் பற்சில்லை 42 இலிருந்து 45 ஆக்கினாலும் விகிதம் 3.21 ஆகி ஏறத்தாழ இதே விளைவே ஏற்படும். முன்னால் ஒரு பல் பின்னால் மூன்று பற்களுக்கு நிகரென்று பட்டறையினர் கூறும் கணக்கின் அடிப்படை இதுவே.

முன் பற்சில்லை விரும்பியவாறு சிறிதாக்கவும் இயலாது. சங்கிலி உண்மையில் ஒரு வட்டத்தின் மீதன்றிப் பல்கோணம் ஒன்றின் மீதே ஓடுகின்றது. பற்கள் குறையக் குறையச் சங்கிலியின் கதி ஒவ்வொரு பல்லுக்கும் கூடிக் குறையும். 20 பற்களில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 1.2 சதவீதம், 13 பற்களில் அது 2.9 சதவீதமாகின்றது. இணைப்புகள் கூடுதலாக மடிவதாற் சங்கிலியும் விரைவில் தேயும். எனவே பற்களின் எண்ணிக்கை என்பது பல தேவைகளுக்கிடையே செய்துகொள்ளப்படும் ஓர் இணக்கமாகும். அவ்விணக்கத்தைச் செய்பவர் யார் என்பதே வரலாற்று வினாவாகும்.

2. உடலே எல்லையாக இருந்த காலம்

1870 களில் இங்கிலாந்திற் பரவிய உயர்சில்லுச் சைக்கிளில் மிதிகட்டை முன்சில்லின் அச்சோடு நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தது. மிதியின் ஒரு சுற்றுக்குச் சில்லின் ஒரு சுற்று என்பதால், கூடிய கதி வேண்டுமாயின் சில்லைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. சில்லின் விட்டத்துக்கு எல்லை வகுத்தது ஓட்டுபவரின் காலின் நீளமே. 54 அங்குலச் சில்லு ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறத்தாழ 4.3 மீற்றர் சென்றது. குட்டையானவர் அக்கதியைப் பெறவியலாது. நீண்ட பாவாடை அணிய நிர்ப்பந்திக்கப்பட்டிருந்த பெண்களோ அதில் ஏறவே இயலாது. ஓட்டுபவர் உயரத்திலிருந்து தலைகுப்புற வீழும் ஆபத்தும் இருந்தமையால் அது பெரிதும் வசதிபடைத்த இளம் ஆண்களின் வாகனமாகவே விளங்கிற்று.

இத்தளையை அறுத்தது சங்கிலி. சங்கிலியால் இயக்கத்தைக் கடத்தும் உத்தி புதியதன்று. 11 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சீனத்தின் கைஃபெங் நகரிலே சூ சொங் அமைத்த வானியற் கடிகாரக் கோபுரத்தில் அது பயன்பட்டதை யோசப் நீடாமும் அவர்தம் சகாக்களும் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் நாளாந்தப் பாவனைக்குரிய சங்கிலிக்குத் துல்லியமும் மலிவும் ஒருங்கே தேவைப்பட்டன. சுவிற்சர்லாந்திற் பிறந்து மான்செஸ்ரரிற் தொழில் நடத்திய ஹான்ஸ் றெனோல்ட் 1880 இல் உருவாக்கிய உருளைச் சங்கிலி இத்தேவையை நிறைவேற்றியது. இணைப்பூசியைச் சுற்றி ஒரு குழலும் அதன்மேல் ஓர் உருளையும் அமைந்தமையால் தேய்வு ஒரு விளிம்பிற் குவியாது பரந்த மேற்பரப்பிற் பகிரப்பட்டது.

1885 இல் கொவென்றி நகரில் யோன் கெம்ப் ஸ்ராலி வெளியிட்ட ‘றோவர்’ பாதுகாப்புச் சைக்கிள் சங்கிலியாற் பின்சில்லைச் செலுத்தியது. அந்நகர் சைக்கிளின் தலைநகரானதற்கும் சமூகக் காரணங்கள் உள. 1860 ஆம் ஆண்டின் ஆங்கில-பிரெஞ்சு வணிக உடன்படிக்கையின் பின்னர் அங்கு பட்டு நாடா நெசவு வீழ்ச்சியுற்றது. கடிகாரத் தொழிலிலும் தையற்பொறித் தொழிலிலும் கைதேர்ந்த தொழிலாளர் அங்கு இருந்தனர். ‘றோவர்’ ஒருவரின் மூளையில் மாத்திரம் பிறந்ததன்று. அத்தொழிலாளரின் கைத்திறன் அதன் பின்புலத்தில் இருந்தது.

28 அங்குலச் சில்லை 40 பற்களுக்கு 20 பற்கள் என்ற விகிதத்தில் இயக்கினால் அது 56 அங்குல உயர்சில்லுக்கு ஒப்பாகும். கியரை இன்றும் ‘அங்குலத்தில்’ கூறும் ஆங்கிலேய வழக்கு மறைந்துபோன அப்பெருஞ்சில்லின் எச்சமாகும். விகிதம் உடலிலிருந்து விடுபட்டதும் வாகனம் சமூகத்தின் ஏனைய பிரிவினரையும் சென்றடைந்தது. 1890 களிற் பெண்கள் பெருந்தொகையாகச் சைக்கிள் ஓட்டத் தொடங்கினர். 1894 இற் பேர்மிங்காமிற் தோன்றிய ‘கிளாரியன்’ சைக்கிள் கழகம் பொதுவுடைமைக் கருத்துகளைக் கிராமங்களுக்குச் சுமந்து சென்றது. பற்சில்லு மாத்திரமே இவற்றுக்குக் காரணம் என்பது எமது வாதமன்று. 1888 இன் காற்றடைத்த ரயரும் விலைவீழ்ச்சியும் உடன்நின்றன. எனினும் சங்கிலியின்றி இவை நிகழ்ந்திருத்தல் அரிது.

3. எஞ்சின் வந்தபோது

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்கள் பல, சைக்கிளிற் பெற்ற இவ்விடுதலையை ஓரளவு இழந்தன. எஞ்சினின் சுழற்சியைத் தோற்பட்டி பின்சில்லுக்குக் கடத்தியது. விகிதமோ ஒன்றே. சமதரைக்கு ஏற்ற விகிதம் ஏற்றத்திற்கு உதவாது. ஏற்றம் வந்தால் ஓட்டுபவர் மிதித்து உதவினார்; அல்லது இறங்கி உடன் ஓடினார். பட்டி ஓடும் கப்பியின் அளவை மாற்றக்கூடிய வண்டிகளில், மலையடிவாரத்தில் நிறுத்தி அதனைச் சரிசெய்துகொண்டு ஏறுவதும் உண்டு. பற்சில்லு மாற்றும் வழக்கத்தின் முன்னோடி இதுவெனலாம்.

மான் தீவில் 1907 இல் ஆரம்பமான ‘ரி.ரி.’ பந்தயத்தில் மிதிகட்டைகள் அனுமதிக்கப்பட்டிருந்தன. 1908 இல் அவை தடைசெய்யப்பட்டன. 1911 இற் பந்தயம் ஸ்னேபெல் மலைப்பாதைக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 37 1/2 மைல் நீளமான அப்பாதை ஒற்றை விகிதத்தின் குறையை அம்பலப்படுத்தியது. சங்கிலிச் செலுத்தமும் இரு கியர்களும் கொண்ட அமெரிக்க ‘இந்தியன்’ வண்டிகள் அவ்வாண்டுப் பெரும்பந்தயத்தின் முதல் மூன்று இடங்களையும் பெற்றன. 1912 இலும் 1913 இலும் வென்ற ‘ஸ்கொற்’ வண்டியில் வெவ்வேறு அளவுப் பற்சில்லுகளில் ஓடும் இரு சங்கிலிகள் இருந்தன. எதனைத் தொழிற்படுத்துவது என்பதை ஓட்டுபவர் காலால் தெரிவுசெய்தார். ஆயினும் வளர்ச்சி நேர்கோட்டில் அமையவில்லை. 1914 இல் வென்ற ‘றட்ஜ்’ வண்டி விட்டம் மாறக்கூடிய கப்பியோடு பட்டியையே பயன்படுத்திற்று.

பின்னர் கியர்ப்பெட்டி பொதுவானபோதும் பற்சில்லின் முக்கியத்துவம் குன்றவில்லை. கியர்ப்பெட்டி விகிதங்களுக்கிடையே தாவ உதவுகின்றது. இறுதிப் பற்சில்லோ அவ்விகிதங்கள் அனைத்தையும் ஒருங்கே உயர்த்துகின்றது அல்லது தாழ்த்துகின்றது. எனவேதான் பக்கவண்டி பூட்டுவோருக்கெனச் சிறிய பற்சில்லை உற்பத்தியாளர் வழங்கினர். 1928 இல் லண்டனுக்கு அண்மையில் ஹை பீச்சில் நடைபெற்ற போட்டியின் பின்னர் பிரித்தானியாவிற் பெருகிய ‘ஸ்பீட்வே’ பந்தயங்களில், களத்தின் நீளத்திற்கும் மண்ணின் தன்மைக்கும் ஏற்பப் பற்சில்லை மாற்றுவது போட்டியாளரின் முதன்மையான தேர்ச்சிகளுள் ஒன்றாயிற்று.

4. பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு

பயன்படுத்துவோரின் பங்கினைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு ‘ஹொண்டா 50’ இன் வரலாற்றில் உள்ளது. 1958 இல் யப்பானில் வெளிவந்த இவ்வண்டி நகரத் தெருக்களையும் சிறுவணிகரையும் மனங்கொண்டு அமைக்கப்பட்டது. 1960 அளவில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பொய்ஸி நகரில் ஹேர்ப் ஊல் என்ற விற்பனையாளர் இதனைப் பெருந்தொகையாக விற்றுவந்தார். லொஸ் ஏஞ்செலஸ் மாநகரின் விற்பனையை விட அச்சிறுநகரின் விற்பனை விஞ்சியிருப்பதைக் கண்ட நிறுவனத்தார் காரணத்தை விசாரித்தனர். ஊல் பின்சில்லுக்குப் பெரிய பற்சில்லும் கரடுமுரடான ரயரும் பூட்டி, மலைப்பாதைகளில் ஏறக்கூடிய வண்டியாக அதனை மாற்றியிருந்தார்.

1961 இல் ஹொண்டா நிறுவனம் ‘ட்ரெயில் 50’ என்ற மாதிரியை வெளியிட்டது. அவ்வரிசையின் தொடக்ககால வண்டிகள் சிலவற்றிற் பின்சில்லருகே இரு பற்சில்லுகள் அமைந்திருந்தன. தெருவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று. எஞ்சினை வடிவமைத்தவர்கள் காணாத ஒரு பயனை, பொருளைக் கையாண்ட ஒருவர் சில பற்களைக் கூட்டுவதன் மூலம் கண்டார். பொறியியல் அறிவு தொழிற்சாலையிலிருந்து பாவனையாளரை நோக்கி ஒருவழியாகவே பாய்கின்றது என்ற கொள்கை இங்கு தகர்கின்றது.

5. முடிவுரை

தொழிற்சாலை நிர்ணயிக்கும் விகிதம் ஒரு சராசரி மனிதனுக்கும் ஒரு சராசரிப் பாதைக்கும் உரியது. சுமையோடு மலையேறுபவரும் தனியே சமதரையிற் செல்பவரும் அச்சராசரிக்குள் அடங்கார். அவர்கள் பற்சில்லை மாற்றும்போது சராசரியைத் தம் வாழ்நிலைக்கு இசைவாக்குகின்றனர். இதில் அறியாமைக்கும் இடமுண்டு. கதியை இழக்காமல் ஆர்முடுகலைப் பெறலாம் என நம்பி ஏமாறுவோர் உளர். அதனைத் தவிர்க்கும் வழி கணக்கினைப் பொதுவுடைமையாக்குவதே.

இவ்விடயம் பழங்கதையன்று. மின்மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிற் கியர்ப்பெட்டி இல்லை. மீண்டும் ஒரேயொரு விகிதமே உள்ளது. ஆர்முடுகலை நிர்ணயிப்பதிற் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கும் பெரும்பங்கு உண்டு. பற்சில்லின் பற்களை எவரும் விரலால் எண்ணலாம். சாவியும் சுத்தியலும் கொண்டு மாற்றலாம். பூட்டிவைக்கப்பட்ட மென்பொருளை அவ்வாறு எண்ணவும் மாற்றவும் இயலாது. திருத்தும் உரிமை பற்றி இன்று பல நாடுகளில் எழுந்துள்ள கோரிக்கையை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும். பற்சில்லின் வரலாற்றை அறிந்தோர் அக்கோரிக்கையைப் புதுமையானதெனக் கருதார். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் கப்பியைச் சரிசெய்தவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவ்வுரிமையைச் செயலிற் காட்டியிருந்தனர்.