வீச்சுக்கு ஏற்ற மட்டை: ஒரு சின்ன வரலாறு

கோல்ஃபில் தூரம் அடிக்கிற ‘டிரைவர்’ மட்டையை இண்டைக்கு எங்கட வீச்சுக்கு ஏத்த மாதிரித் தெரிவு செய்யலாம். ஆனா நெடுங்காலம் கதை மறுவளமாத்தான் இருந்தது: மட்டைக்கு ஏத்த மாதிரி ஆள்தான் வீச்சை மாத்தவேணும்.

ஹிக்கரி மரத் தண்டு வீசும்போது முறுகும். அவசரப்பட்டா பந்து எங்கயோ போகும். அதனால் பழைய ஆட்டக்காரர்கள் ஆறுதலான தாளத்தைப் பழகினார்கள். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் பொபி ஜோன்ஸ் வென்றது ஹிக்கரியோடுதான். ஆனால் 1929இலேயே பிரித்தானியாவில் உருக்குத் தண்டுக்கு அனுமதி கிடைத்திருந்தது. உருக்கு அவ்வளவு முறுகாது. வேகமாக வீசுவோருக்கு வழி திறந்தது.

மட்டையின் தலை மட்டும் பெர்சிமன் மரமாகவே நீடித்தது. 1979இல் கேரி அடம்ஸ் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம் உருக்குத் தலையைக் கொண்டுவந்தது. உள்ளே வெறுமை, எடை விளிம்பில். அதனால் நடுவில் படாத அடியும் பெரிசாப் பிழைக்கவில்லை. 1991இல் கலவே நிறுவனத்தின் ‘பிக் பேர்த்தா’ வந்தது. முதலாம் உலகப் போரின் ஜெர்மன் பீரங்கியின் பெயர் அது! பிறகு டைட்டேனியம் வர, தலை வீங்கிக்கொண்டே போனது. 2004இல் 460 கன சென்ரிமீற்றர்தான் எல்லை என்று விதி வந்தது. அதன்பின் கம்பனிகள் திருகாணிகளுக்குத் திரும்பின: எடையையும் முகச் சாய்வையும் நாங்களே மாத்தலாம்.

பொதுவா, மெதுவா வீசுறவருக்குச் சாய்வு கூடின முகமும் இலகுவா வளையிற தண்டும் வேணும். வேகமா வீசுறவருக்கு விறைப்பான தண்டு. வேலை முடிஞ்சு வந்து விளையாடுறவருக்கும் இந்த மாற்றம் இடம் குடுத்தது. அப்படியிருக்க, சம்பியன் வைச்சிருக்கிற மட்டையையே தேடி வாங்கினா, திரும்பவும் மட்டைக்கு நாங்கள் வளையிற காலத்துக்குத்தான் போவம்.