கருங்காலி

மரத்தின் பெயர் எப்படி வசவானது? கருமை, கால் இரண்டும் சேர்ந்தது கருங்காலி. இங்கே கால் என்பது அடிமரம். ஆனால் வெளியே தெரியும் வெளிறிய மென்மரத்தில் கருமை இல்லை; உள்ளே இருக்கும் வைரம்தான் மைக்கறுப்பு.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் இந்த மரத்தின் வைரம் தண்ணீரில் மிதக்காது, மூழ்கிவிடும். இழை அவ்வளவு நெருக்கம். கரையான் எளிதில் அண்டாது, தேய்த்தால் கண்ணாடியாய் மின்னும். உலக்கைக்கும் ஊன்றுகோலுக்கும் நம்மவர்கள் இதைத் தேடியதில் வியப்பில்லை. மேல்நாட்டில் பியானோவின் கறுப்புக் கட்டைகள் கருங்காலி இனத்து மரங்களில் செய்யப்பட்டன. கருங்காலிக் கட்டைக்கு நாணாத கோடரியும் வாழைத்தண்டுக்கு நாணும் என்கிறது ஔவையின் தனிப்பாடலொன்று.

இனி வசவு. வேலைநிறுத்தத்தை உடைப்பவனை ஆங்கிலேயர் ‘பிளாக்லெக்’ என்றார்கள், அதாவது கறுப்புக் கால். தொழிற்சங்க மேடைக்குக் கருங்காலி கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டுவதால் வந்த பெயர் என்பாரும் உண்டு. கதை சுவையானதுதான், ஆனால் காம்பாகும் மரம் இது ஒன்றுதானா?

சித்த மருத்துவத்தில் கருங்காலி என்றால் பெரும்பாலும் வேறு மரம்: காசுக்கட்டி தரும் முள்மரம், செங்கருங்காலி.

இப்போது கருங்காலி மாலைக்குக் கடைகளில் ஏக கிராக்கி. சாயம் ஏற்றிய மணிகளும் அதே பெயரில் விற்கின்றன. வாங்குமுன் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்.